முதற் குவளையை நீட்டுவது யார்?

இளைஞரும் போதைப் பழக்கமும்: குடும்பக் குழுக்களுக்கான பாடம்

இப்பாடத்தைத் தனியே வாசிப்பதிலும் பார்க்க, பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, ஒருவர் உரக்க வாசிக்க ஏனையோர் கேட்பது நல்லது. இடையில் யாராவது "எங்கள் லயத்தில் அப்படியில்லை" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். ஒரே நாளில் பாடத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். தாய்மார் மட்டும் இருக்கும் கூட்டத்தில் இதை வாசிப்பதால் பாதிப் பயன்தான் கிடைக்கும். தகப்பன்மாரும் மாமன்மாரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

வீட்டையும் காணியையும் விட்டு இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களை மனதிற்கொண்டே நாம் இதை எழுதுகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. எஞ்சியோர் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்க நேர்ந்தது. புதிய வீடுகளுக்குப் போக ஏறக்குறைய இரண்டு வருடங்கள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தபோது, மீண்டும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தையும், லயத்தின் பின்னால் போட்டிருந்த மரக்கறிப் பாத்தியையும், மாட்டுப் பட்டியையும் விட்டு இறங்கின. இன்னும் பின்னே போனால், 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று காடு வெட்டிக் கமம் செய்தவர்கள், போரினால் அங்கிருந்தும் திரும்பத் திரும்பப் பெயர்ந்த கதை எங்கள் பல குடும்பங்களில் உண்டு.

இடம்பெயர்ந்தவர்களுக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போடும்போது அரிசி, பருப்பு, பாய், தகரம், மலசலகூடம் எல்லாம் வருகின்றன. பதினான்கு வயதுப் பையனின் மாலை நேரத்தை அந்தப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு தாய் வந்து, "பிள்ளையின் வாயில் ஏதோ வாடை வருகிறது" என்று மெல்லிய குரலில் சொல்லும்போதுதான் நமக்கு அந்த நினைவே வருகிறது.

சந்தி ஊரில் இறங்குபவை

பசறை ஒரு சந்தி ஊர். பதுளையிலிருந்து வரும் வீதி இங்கே பிரிந்து, ஒன்று லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகிறது; மற்றது மொனராகலைக்கு இறங்குகிறது. மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் டியூசனுக்கும், தொலைபேசிக்கு றீலோட் போடவும், கொழும்புக்கு பஸ் ஏறவும் இங்கேதான் வருகிறார்கள். சந்தி ஊரில் நல்லதும் இறங்கும், கெட்டதும் இறங்கும். கெட்டது எது, அதன் பெயர் என்ன என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அநேகமாகத் தெரிந்துதான் இருக்கிறது.

பெட்டிக் கடையில் சிறு பக்கற்றாக வரும் பாபுல், மாவா என்பவை பாக்கும் புகையிலையும் வாசனைச் சரக்கும் சேர்ந்தவை. இவ்வகைப் புகையற்ற புகையிலைப் பொருட்களை விற்பது இலங்கையில் 2016 முதல் சட்டப்படி தடை. ஆனாலும் கடைக்காரரின் மேசைக்குக் கீழே அவை இருப்பதை நாம் காண்கிறோம். மதன மோதகம் என்பது கஞ்சா சேர்ந்த ஓர் ஆயுர்வேதச் சரக்கு. மருந்து என்ற பெயரில் வருவதால், பள்ளிப் பையில் அதைக் கண்ட தாய் "வயிற்றுவலிக்கு ஏதோ வாங்கியிருக்கிறான்" என்று விட்டுவிடுவாள். கஞ்சாவோ தூரத்திலிருந்து வரவேண்டிய பொருள் அல்ல. பக்கத்து மொனராகலை மாவட்டத்துக் காடுகளில் கஞ்சாச் சேனைகள் அடிக்கடி பிடிபடுகின்றன. இவற்றோடு, மருந்துச் சீட்டில்லாமல் கைமாறும் வலி மாத்திரைகளும் கப்சூல்களும் உண்டு. கடைசியாக வந்திருப்பது ஐஸ். இதனால் விளைந்த கேடு பெரிதானபடியால் 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்பவருக்கும் விற்பவருக்கும் ஆயுட்சிறை அல்லது மரண தண்டனை என்று ஆக்கினார்கள்.

இதைக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் ஐஸைப் பற்றியே பேசத் தொடங்குவார்கள். பயங்கரமான பொருளைப் பற்றிப் பேசுவது ஒருவகையில் நமக்கு வசதி. அதை விற்பவன் வெளியூரான், குற்றம் அவனுடையது, நமக்கு வேலையில்லை. ஆனால் மலையகத்துப் பையன் ஒருவன் ஐஸில் தொடங்குவது அரிது. அவன் தொடங்கும் இடம் அநேகமாக நம் வீட்டு இஸ்தோப்புத்தான்.

இஸ்தோப்பில் நடப்பது

அப்பா வேலை விட்டு வந்து குந்துகிறார். "தம்பி, அடுப்புல பீடிய பத்த வச்சுக் கொண்டா" என்கிறார். எட்டு வயதுப் பையன் அடுப்புக் கொள்ளியில் பீடியை வைத்து, அணையாமல் இருக்க வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு ஓடி வருகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அதுதான் அவனது முதற் புகை.

பாட்டி வெற்றிலை மடிக்கிறார். பேத்தி மடியில் இருக்கிறாள். வாய் சிவக்க வேண்டும் என்று பிள்ளை கேட்க, சிறு துண்டு பாக்கு வைத்துக் கொடுக்கிறார். மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதானே துணை என்று நாம் சொல்வோம். கொழுந்து மலையில் பகல் முழுதும் நிற்கும் பெண்ணிடம் அதைக் குறைகூற நமக்கு மனம் வராது. ஆனாலும் உண்மையைச் சொல்லவே வேண்டும். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை இல்லாவிட்டாலும், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் தெளிவாக அறிவித்தது. பாக்கு மெல்லும் பலருக்கு வாயின் உட்தோல் இறுகி, சோற்று உருண்டை போகுமளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமற் போகிறது. பாட்டி தமக்கு மடித்துக்கொள்ளட்டும், பிள்ளைக்கு மடிக்கவேண்டாம்.

அடுத்தது சடங்கு வீடு. வாழை மரம் கட்டியிருக்கிறது. பாட்டுப் பெட்டி முழங்குகிறது. லயத்துக்குப் பின்னால் மாமன்மார் நாலைந்து பேர் போத்தலைச் சுற்றி நிற்கிறார்கள். சோடா கொண்டுவந்து கொடுத்த பையனை ஒருவர் பிடித்து நிறுத்துகிறார். "மீச மொளச்சிருச்சு பாரு. ஆம்பளப் புள்ளதானே, ஒரு வாய் குடிடா." மறுத்தால் சிரிப்பார்கள். குடித்தால் முதுகில் தட்டுவார்கள். பதினைந்து வயதில் எவன்தான் மறுப்பான்? கல்யாணத்திலும் இதுதான், கருமாதியிலும் இதுதான், தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் தவறணை வாசலில் நிற்கும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்தக் குவளையை நீட்டியவர் பையனுக்குத் தீங்கு நினைத்தவர் அல்லர். அவன்மேல் பாசமுள்ள சொந்த மாமன்தான். இப்பாடத்தில் நாம் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும், முதற் பீடியும் முதற் பாக்கும் முதற் குவளையும் பாசத்தோடு தரப்படுகின்றன என்பதை நினைவில் வைப்போம். ஆகவே அவற்றை நிறுத்துவதற்குப் பொலிஸ் வேண்டியதில்லை. அதே மாமன் போதும்.

ஒரு வாய் குடித்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1997இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தனர். இருபது வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயதுவரை நடக்கிறது என்றும், ஆசையைக் கட்டுப்படுத்தும் பகுதிதான் கடைசியில் முதிர்கிறது என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள். நாற்று வேர் பிடிக்குமுன் வெள்ளம் வந்தால் என்னாகும் என்று கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே தடுப்பு வேலையில் பெரும் பகுதி.

வெறி என்னும் சாட்டு

பையன்கள் குடியிலிருந்து கற்றுக்கொள்வது ருசியை அல்ல. முதற் குவளை கசக்கும், தொண்டை எரியும். அவர்கள் கற்பது வேறொன்று: குடித்தவனுக்கு என்ன செய்யவும் உரிமை உண்டு என்பதை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தியநாத் சமரசிங்க இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார். குடியினால் கிடைப்பதாகச் சொல்லப்படும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு போத்தலிலிருந்து வருவதல்ல, சுற்றியிருப்போர் ஏற்றிவிட்ட எதிர்பார்ப்பிலிருந்தும், குடித்தவனுக்கு ஊர் கொடுக்கும் விசேட சலுகையிலிருந்தும் வருவது என்பது அவரது வாதத்தின் சாரம். நம் லயத்தில் வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். "வெறியில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை" என்று சொல்பவர் வீட்டுக்காரியை அடிக்கிறார். வழியில் தோட்டத் துரையின் வாகனம் வந்தால் ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றுகிறார். பொலிஸ்காரரைக் கண்டால் நேராக நடக்கிறார். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மறுநாட் காலை நாம் என்ன சொல்கிறோம்? "பாவம், போதையில் செய்துவிட்டான்." இதைக் கேட்டபடி பக்கத்துக் காம்பராவில் ஒரு பையன் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான். கடன்காரனைத் திட்ட வேண்டுமா, பெண்பிள்ளையைக் கேலி செய்ய வேண்டுமா, குடித்துவிட்டுச் செய்தால் மன்னிப்பு உண்டு என்று அவன் விளங்கிக்கொள்கிறான். சாட்டை ஏற்காத ஊரில் போத்தலின் கவர்ச்சி பாதி போய்விடும். குடித்துவிட்டு வந்து கூச்சலிடுபவரைச் சுற்றிக் கூட்டம் கூடாமல், சிரிக்காமல், மறுநாள் அவர் தெளிந்திருக்கும்போது இரண்டு பெரியவர்கள் போய், "நேற்றுச் செய்தது நீதான், சாராயம் அல்ல" என்று சொல்லிவிட்டு வருவது ஒரு சிறு காரியம். செய்து பாருங்கள்.

இடம்பெயர்ந்த வீட்டில் ஏன் கூடுகிறது?

லயத்தில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும், பக்கத்துக் காம்பரா ஆயா ஒருத்தி இருப்பார். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்பது அவருக்குத் தெரியும். கோயில் திண்ணையில், பீலிக்கரையில், பிரட்டுக்களத்தில் கண்கள் இருந்தன. இடம்பெயரும்போது நாம் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் கண்களையும் இழக்கிறோம். மண்டபத்தில் எங்கள் பாய்க்கு அடுத்த பாயில் இருப்பவர் வேறு டிவிசன்காரர். அவர் பிள்ளையை நாம் கண்டிக்க முடியாது, நம் பிள்ளையை அவர் கண்டிக்கமாட்டார்.

காணி போனதால் வேலையும் போகிறது. முன்பு பள்ளி விட்டு வந்த பையன் மாட்டுக்குப் புல் வெட்டினான், போஞ்சிக்குக் கம்பு நட்டான், அம்மாவின் கொழுந்து மூட்டையைத் தூக்கினான். இப்போது பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தால் இரவு எட்டு மணிவரை அவனுக்கு ஒன்றும் இல்லை. கூடாரத்துக்குள் இருக்க முடியாத வெக்கை, அல்லது இருக்க முடியாத சண்டை. வெளியே போகிறான்.

பெரியவர்களின் துக்கமும் இதில் உண்டு. வடக்கில் போரினால் இடம்பெயர்ந்தவர்களிடையே பல்லாண்டு வேலைசெய்த உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஒரு சமூகமே காயப்படும்போது குடும்பக் கட்டும் ஊர்க் கட்டும் தளர்ந்து, ஆண்களிடையே குடி பெருகுவதை எழுதியிருக்கிறார். பிள்ளையையோ தாயையோ மண்ணுக்குப் பறிகொடுத்தவர் இரவில் நித்திரை வராமல் குடிக்கிறார். அவரைப் பழிப்பது நமது நோக்கமன்று. அந்த நித்திரை ஒரு சில மணி நேரமே நிற்கும், விடியற்காலையில் துக்கம் இரட்டிப்பாய் வரும் என்பதை அன்போடு சொல்லவும், வைத்தியரிடம் கூட்டிப்போகவும் ஒருவர் வேண்டும்.

பிறகு நட்டஈட்டுக் காசு. ஒன்றுமில்லாத கையில் ஒரு தொகை மொத்தமாக விழும் நாளைக் கசிப்புக்காரர் நம்மைவிட நன்றாக அறிவார். பேர்க்லியோட் பாக்லியன் என்ற நோர்வே ஆய்வாளரும் மேலே சொன்ன சமரசிங்கவும் சேர்ந்து, மதுவும் வறுமையும் பற்றி இலங்கையில் நடத்திய ஆய்வு 2000களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதில், பதிலளித்த ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் தமது வழமையான வருமானத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ மதுவுக்குச் செலவிடுவதாகக் கூறினர். அது எப்படி முடியும் என்று கேட்கலாம். மனைவியின் சம்பளம், அடகு, கடன், பிள்ளையின் கைக்காசு என்று வழிகள் உண்டு என்பதை இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் சொல்வார்கள். நாளொன்றுக்கு 500 ரூபா இவ்வழியில் போனால் மாதம் 15,000, வருடத்துக்கு 182,500. அந்தக் காசுக்கு எத்தனை தகரம், எத்தனை மூட்டை சீமெந்து என்று ஒருவர் எழுந்து கணக்குப் பார்க்கட்டும்.

ஊர்கள் செய்தவை

தவறணைகளை அரசாங்கமே குத்தகைக்கு விட்டு வருமானம் பெறுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். அதை எதிர்த்து 1904இலும், பின்னர் 1912இலும் இந்நாட்டில் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை அதன் பயனாக வந்து, பல ஊர்களில் மூடவும்பட்டன.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நமக்கு இன்னும் பொருந்தும். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்ற கிராமத்தில், 1990களின் தொடக்கத்தில் கூலிப் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். வாசிப்புப் பாடங்களில் ஒன்று, சாராயத்தால் சீரழியும் குடும்பத்தைப் பற்றிய கதை. வாசித்தவர்கள் அது தங்கள் கதைதானே என்று பேசத் தொடங்கினார்கள். ரோசம்மா என்பவர் முன்னிற்க, 1992இல் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் முழுவதும் பரவி, பின் மாநிலமெங்கும் பரவியது. 1993 ஒக்டோபரில் அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. வருமானம் போகிறதென்று 1997இல் அரசு அதைத் தளர்த்திவிட்டது. மேலே இருந்து வந்த சட்டம் மேலேயே திரும்பிப் போயிற்று. ஆனாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பெண்கள் ஒரு பாடத்தைக் கொண்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

இளைஞர் விடயத்தில் உலகமே இன்று எடுத்துக்காட்டுவது ஐஸ்லாந்து என்ற சிறு தீவு நாட்டை. (பெயர் அப்படி அமைந்துவிட்டது, நாம் என்ன செய்ய!) 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், அதற்கு முந்திய ஒரு மாதத்துள் வெறிக்குமளவு குடித்ததாகக் கூறினர். 2016இல் அது நூற்றுக்கு 5 பேராகக் குறைந்தது. அவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை. பெற்றோர் ஊர் ஊராகக் கூடி, இரவில் இத்தனை மணிக்குப் பின் பிள்ளை வெளியே நிற்கக் கூடாது, பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து நடக்கக் கூடாது என்று எல்லோரும் ஒரே பேச்சாக ஒப்பந்தம் செய்தனர். 13 முதல் 16 வயதுவரையானோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்று சட்டமும் இருந்தது. விளையாட்டு, இசை, நடனம் என்று மாலை நேரத்தை நிரப்பி, ஏழைப் பிள்ளைகளும் சேர உதவினர். மறுபக்கம், அமெரிக்காவில் 1983இல் தொடங்கி, பொலிஸார் வகுப்பறைக்கு வந்து போதையின் கேட்டை விளக்கும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. கோடிக்கணக்கில் செலவழிந்தது. பின்னர் ஆராய்ந்தபோது, அவ்வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நம் ஊரிலும் போதை ஒழிப்பு ஊர்வலங்கள் நடக்கின்றன. பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடித்து நடக்கிறார்கள். ஊர்வலம் முடிந்து பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு ஏற்பாட்டாளர்களில் சிலர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை.

நாம் தொடங்கக் கூடியது

பணம் தேவைப்படாதவற்றை மட்டும் சொல்கிறோம். முதலாவது, நிலையத்திலோ குடியேற்றத்திலோ உள்ள குடும்பங்கள் ஒரு மாலை கூடி, இனி நமது சடங்கு, கல்யாணம், கருமாதி எதிலும் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெரியவர் எவரும் குவளை நீட்டுவதில்லை என்று முடிவு எடுக்கலாம். குடிப்பவர்கள் எல்லோரும் நாளையே நிறுத்த வேண்டும் என்று தொடங்கினால் கூட்டம் அன்றோடு கலைந்துவிடும். பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பதற்குக் குடிப்பவரும் கை உயர்த்துவார். பீடி பற்றவைக்கவும், கடைக்குப் போய்ச் சிகரெட் வாங்கிவரவும் பிள்ளையை அனுப்புவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்த ஆறு மணி நேரம். பிற்பகல் இரண்டு மணிமுதல் இரவு எட்டு மணிவரை, எந்த நாளில் எந்தப் பெரியவர் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நிற்பார் என்று முறை போடலாம். காவலாளியைப் போல் நிற்க வேண்டாம். கரப்பந்து வலை ஒன்று கட்டினால் போதும், அவரே ஆடவும் செய்யலாம். க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளை சிறியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு விளக்கும் மேசையும் போதும். காணி இல்லாவிட்டாலும் பையில் மண் நிரப்பி மிளகாய், கீரை போடலாம். வேலை பழகிய கை சும்மா இருக்கக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கும் ஒரு நேரமும் இடமும் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். அவர்கள் தண்ணீர் தூக்கிச் சமைத்துக்கொண்டிருப்பதால் பிரச்சினை இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்த் தீபாவளிக்குத் திரும்பும் அண்ணன்மாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதுச் சட்டை, புதுத் தொலைபேசி, கையில் காசு. தம்பிமாருக்கு அவர்தான் கதாநாயகன். அவர் கையில் பியர் ரின் இருந்தால் தம்பிக்கும் அதுவே ஆசை. இவர்களைத் திட்டி விலக்காமல், வந்த அன்றே கூப்பிட்டு விளையாட்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பைக் கொடுங்கள். பொறுப்பு வந்தால் பெரும்பாலானோர் நிமிர்ந்து நிற்பார்கள்.

மூன்றாவது, கடை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மதுவரி அதிகாரி, பொலிஸ் ஆகியோர் நடவடிக்கை எடுக்கலாம். முதலில் இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து கடைக்காரரிடம் நேரே பேசுங்கள். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். கேட்காவிட்டால் எழுத்தில் முறையிடுங்கள். ஒருவர் பெயரில் கடிதம் போனால் அவருக்குத் தொல்லை வரும். சங்கத்தின் பெயரில், எல்லோரும் ஒப்பமிட்டுப் போகட்டும். கசிப்புக் காய்ச்சுபவர், ஐஸ் விற்பவர் விடயத்தில் தனி ஆள் நேரே மோதக் கூடாது.

ஏற்கனவே பழகிவிட்ட பிள்ளை

படிப்பில் திடீரென மனம் விழுவது, பழைய நண்பர்களை விட்டு விலகுவது, வீட்டில் சிறு காசு காணாமற் போவது, நித்திரையும் சாப்பாடும் தலைகீழாவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆனால் தாயை அல்லது வீட்டை இழந்த பிள்ளையிடமும் இவையே காணப்படலாம். ஆகவே உடனே குற்றஞ்சாட்ட வேண்டாம். அடித்தால் அடுத்த முறை இன்னும் மறைவாகச் செய்வான். எல்லோர் முன்னும் அவமானப்படுத்தினால், அவனை ஏற்கும் ஒரே கூட்டம் அந்தக் கூட்டம்தான் என்றாகிவிடும். இருவர் மட்டும் இருக்கும்போது, கோபம் தணிந்த நேரத்தில், கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "உன் பையில் இதைக் கண்டேன். பயமாயிருக்கிறது. சொல்லு தம்பி." பிறகு பேசாமல் இருங்கள். பதில் வர இரண்டு நாளும் ஆகலாம்.

பதுளை போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை பெறலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கங்களுக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். பிள்ளை ஒன்றைப் போதை விற்கப் பயன்படுத்துவதாகவோ துன்புறுத்துவதாகவோ அறிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

பெரியவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பல வருடமாக நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் நிறுத்த முன்வருவது நல்ல செய்தி. அன்றே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். கசிப்புக் குடித்தவருக்குக் கண் மங்கி, வாந்தியும் கடுந்தலைவலியும் வந்தால், தூங்கினால் தெளியும் என்று விட்டுவிடாதீர்கள். நச்சு மதுவினால் கண் பார்வை போகும், உயிரும் போகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

குழுவில் பேசுவதற்கு

உங்கள் வாழ்வில் முதற் பீடியை, முதற் குவளையைத் தந்தவர் யார், அப்போது உங்களுக்கு என்ன வயது என்று சுற்றிவர ஒவ்வொருவரும் சொல்லுங்கள். பெண்கள் முதல் வெற்றிலையைப் பற்றிச் சொல்லலாம். சிரிப்பு வரும், வரட்டும். வந்த வயதுகளை ஒருவர் தாளில் எழுதிக்கொள்ளட்டும்.

இப்போது நாம் இருக்கும் இடத்தில், பள்ளி விட்ட பிள்ளைகள் மாலையில் எங்கெங்கே நிற்கிறார்கள்? பெரியவர்கள் சொன்ன பிறகு, அதே கேள்வியைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒன்றாக இருக்கின்றனவா?

அடுத்து நமது மத்தியில் வரவிருக்கும் சடங்கோ கல்யாணமோ எந்த வீட்டில்? அந்த வீட்டாரும் தாய்மாமனும் அடுத்த கூட்டத்துக்கு வரும்படி யார் போய்ச் சொல்வது என்பதை இன்றே தீர்மானித்துக்கொண்டு கலையுங்கள்.